குழந்தையைச் சைக்கிளில் கூட்டிப் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளில் குழந்தையோடு எங்கே நின்றாலும் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் அதேதான். அப்படி வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

“எந்த சீட் நல்ல சீட்?” என்று தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: குழந்தையின் கழுத்து பலம், அதன் எடை, உங்கள் சைக்கிளின் ஃபிரேம், நின்ற இடத்தில் அந்தச் சைக்கிளைச் சாயவிடாமல் பிடிக்க உங்களால் முடியுமா என்பது. இந்த நான்குக்கும் பதில் தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

எத்தனை மாசத்துல இருந்து சைக்கிள்ல உட்கார வைக்கலாம்?

சீட் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 9 மாதம் என்று போடுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ 12 மாதம் ஆகாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்கிறது. என்னைக் கேட்டால் ஒரு வயது முடியட்டும் என்பேன். கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம், கழுத்துத் தசை இன்னும் தேறியிருக்காது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்தக் கழுத்தில்தான் இறங்கும். அதற்கு மேல் ஹெல்மெட் பாரமும் சேரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஹெல்மெட்டை மாட்டி, குழந்தையைத் தரையில் பிடிமானம் இல்லாமல் உட்கார வையுங்கள். விளையாடிக்கொண்டே, தலை ஆடாமல், கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் சரி. தலை தொங்கினால் இன்னும் சில வாரம் பொறுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயசைப் பார்க்கணுமா, எடையைப் பார்க்கணுமா?

ஆரம்பிக்க வயது, நிறுத்த எடை. முன் சீட்டுகளுக்கு வழக்கமான உச்சவரம்பு 15 கிலோ, பின் சீட்டுகளுக்கு 22 கிலோ. சைக்கிள் குழந்தை இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை 14344-உம் இந்த எடைகளை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. நீங்கள் வாங்கும் சீட்டில் வேறு எண் அச்சடித்திருந்தால் அதுதான் கணக்கு.

பலர் கவனிக்காமல் விடுவது இரண்டாவது வரம்பு. சைக்கிளுக்கும் மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு. அதில் நீங்கள், குழந்தை, சீட், பை எல்லாம் அடங்கும். பின் சீட் மட்டுமே நான்கு கிலோ போல இருக்கும்.

முன் சீட்டா, பின் சீட்டா?

முன் சீட்டில் குழந்தை உங்கள் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கும். என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். “அதோ நாய்!” என்று அது சொன்னால் காதில் விழும். பாரம் சைக்கிளின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வருவதால் சமநிலையும் அவ்வளவாகக் கெடாது. ஆனால் ஹேண்டில்பாருக்கும் உங்களுக்கும் நடுவில் இடம் வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கும், முன்னால் குனிந்து ஓட்டும் சைக்கிள்களுக்கும் முட்டி இடிக்கும். காலை அகட்டி மிதித்தால் கொஞ்ச தூரத்திலேயே இடுப்பு வலிக்கும். காற்று நேராகக் குழந்தையின் முகத்தில் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வயதையொட்டி 15 கிலோ வந்துவிடும், சீட்டுக்கு அதோடு ஓய்வு.

பின் சீட் ஐந்து வயது வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கும். முதுகும் தலையும் சாய உயரமான சாய்மானம், காலுக்கு இரண்டு பக்கமும் மறைப்பு, தோளோடு பூட்டும் பெல்ட் எல்லாம் இருக்கும். சங்கடம் என்னவென்றால் பாரம் உயரத்தில், பின்னால் போய் நிற்கும். குழந்தை திடீரென்று ஒரு பக்கம் திரும்பினால் சைக்கிளும் அந்தப் பக்கம் இழுக்கும். பின்னால் என்ன நடக்கிறது என்றும் தெரியாது.

ஒரே ஒரு சீட்தான் வாங்க முடியும் என்றால் பின் சீட்டையே வாங்குங்கள். ஆனால் முன் சீட்டில் கிடைக்கும் பேச்சுத்துணை சின்ன விஷயம் இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையோடு தினமும் கொஞ்ச தூரம்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஒன்றரை வருடத்துக்காகவே முன் சீட் வாங்கலாம். ஹேண்டில்பாரில் கொக்கி போட்டு மாட்டும் சீட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஹேண்டில் திரும்பும்போது குழந்தையும் சேர்ந்து திரும்பும், அதன் பாரம் முழுக்க உங்கள் திருப்பத்தில் ஏறும். ஃபிரேமில் பூட்டுவதாகப் பாருங்கள்.

எங்க அப்பா என்னைக் கேரியர்ல உட்கார வச்சுத்தான் ஓட்டினார். இப்ப மட்டும் தனி சீட் எதுக்கு?

பாதத்துக்காக. கேரியரில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கால் வைக்க இடம் கிடையாது, தொங்கவிட்டுத்தான் ஆக வேண்டும். முதல் பத்து நிமிடம் காலை அகட்டிக்கொண்டு ஜாக்கிரதையாக இருக்கும். அப்புறம் அலுப்பு, தூக்கம். கால் உள்ளே சாயும். சக்கரத்தின் மேல்பகுதி முன்னோக்கி ஓடுவதால், உள்ளே நுழைந்த பாதத்தை ஸ்போக்ஸ் முன்னால் இழுத்துக்கொண்டு போய், சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் ஃபிரேம் கம்பியோடு சேர்த்து நசுக்கும். குதிகால், கணுக்கால், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார், அடி விழும் இடம் இதுதான்.

இந்தக் காயத்தில் ஏமாற்றம் அதிகம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லாமல் இருக்கலாம், தோலும் சிராய்ப்பு மாதிரித்தான் தெரியும். நசுங்கிய தோலும் சதையும் சில நாள் கழித்துச் செத்துக் கறுக்கும். அதனால் கால் சக்கரத்தில் மாட்டினால், பார்க்கச் சின்னதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

காலுக்கு மறைப்பும் பட்டையும் உள்ள சீட் இந்த ஆபத்தைத் தடுக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளை கேரியரில் உட்காருவதானால் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்போக்ஸ் மூடி, கால் வைக்க மிதிகட்டை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மூன்றும் வேண்டும். உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பிடி, தூக்கம் வந்த மறுநொடி விட்டுப்போகும்.

முன் பார்ல மாட்டுற குட்டி சீட் போதுமா? பெல்ட்கூட கிடையாதே?

இரண்டரை, மூன்று வயதுக்கு மேல், விழித்திருக்கும் நேரத்தில், மெதுவான சவாரிக்குப் போதும். அந்த வகையில் குழந்தை கால்களை மிதிகட்டையில் ஊன்றி, ஹேண்டில்பாரைத் தானே பிடித்துக்கொண்டு உட்காரும். சாய்மானமும் பெல்ட்டும் பெரும்பாலும் இருக்காது. அதனால் தானாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாத குழந்தைக்கு இது ஆகாது, தூங்கக்கூடிய நேரத்தில் யாருக்குமே ஆகாது. மிதிகட்டை இல்லாமல் வெறும் சீட்டை மட்டும் பாரில் மாட்டியிருந்தால், மேலே சொன்ன பாதப் பிரச்சினை முன் சக்கரத்தில் வரும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் இருவருமே தலைகுப்புற விழுவீர்கள்.

என் சைக்கிள்ல எந்த சீட்டும் பொருந்துமா?

பொருந்தாது. பின் சீட்டில் இரண்டு வகை. ஒன்று, சீட்டுக்குக் கீழே நிற்கும் ஃபிரேம் குழாயில் கவ்வி பூட்டி, அதிலிருந்து வளைந்த இரும்புக் கம்பி இரண்டில் தொங்கும். கம்பி வில் மாதிரி அசைந்து கொடுப்பதால் குலுக்கல் குறையும். அந்தக் குழாய் உருண்டையாக, பெரும்பாலான கவ்விகளுக்கு 28 முதல் 40 மி.மீ. விட்டத்துக்குள் இருக்க வேண்டும். பிரேக் கேபிளோ பேட்டரியோ அந்த இடத்தை அடைத்திருந்தால் மாட்ட முடியாது. இன்னொன்று கேரியரில் பூட்டுவது. உங்கள் கேரியரில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். 25, 27 என்று இருந்தால் நல்லது. 10, 18 என்று இருந்தால் அது பைக்குத்தான். எண்ணே இல்லை என்றால் அதை நம்பிக் குழந்தையை ஏற்ற வேண்டாம்.

கார்பன் ஃபிரேமில் கவ்வி பூட்டக் கூடாது, அது இறுக்கத்தில் நொறுங்கும். பின்பக்க ஸ்பிரிங் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளுக்கு ஃபிரேம் சீட் சரிப்படாது. சீட்டின் பக்கவாட்டில் பாரமையக் குறி ஒன்று இருக்கும். மாட்டிய பிறகு அந்தக் குறி பின் அச்சுக்கு 10 செ.மீ.க்கு மேல் பின்னால் போயிருந்தால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் அலைபாயும்.

உங்கள் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா? பின்னால் உட்காரும் குழந்தையின் விரல் சரியாக அங்கேதான் போகும். நீங்கள் ஒருமுறை அழுந்தி உட்கார்ந்தால் போதும், விரல் நசுங்கும். மூடி போடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் இல்லாத சீட்டுக்கு மாறுங்கள்.

பார் இல்லாத சைக்கிள்தான் வேணுமா?

பின் சீட் என்றால், ஆமாம், அதுதான் நிம்மதி. பின்னால் உயரமாக ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்போது காலைப் பின்வழியாகச் சுழற்றி ஏற முடியாது. பாருக்கு மேலே காலை மடக்கித் தூக்கித்தான் ஏற வேண்டும். அந்த ஒரு நொடி நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள்.

ஸ்டாண்டு போட்டு நிறுத்தின சைக்கிள்ல ஒரு நிமிஷம் உட்கார வச்சா என்ன ஆயிடும்?

ஓடும்போது பயப்படும் பெற்றோர், நிறுத்தியதும் மூச்சு விட்டுவிடுகிறார்கள். நிறுத்திய பிறகுதான் கவனம் வேண்டும். சைடு ஸ்டாண்டு ஒரே ஒரு காலில் நிற்கிறது. குழந்தை பின்னால் திரும்பி எட்டிப் பார்த்தாலே சாயும். பெல்ட் போட்டிருப்பதால் குழந்தையால் கையை ஊன்றவும் முடியாது, சீட்டோடு சேர்ந்து தலை தரையில் அடிக்கும். சாவியை எடுக்க, பையை மாட்ட, போன் பேச என்று எதற்காகவும் கையை எடுக்காதீர்கள்.

நான் செய்யும் வரிசை இது. முதலில் பை, பூட்டு, தண்ணீர் எல்லாம் சைக்கிளில் ஏறிவிடும். என் ஹெல்மெட், குழந்தையின் ஹெல்மெட் தரையிலேயே மாட்டியாகிவிடும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, என் இடுப்பால் அண்டை கொடுத்து, கடைசியாகக் குழந்தையை ஏற்றி உடனே பெல்ட் பூட்டுவேன், அப்புறம் காலுக்குப் பட்டை. இறங்கும்போது முதலில் குழந்தை, மற்றதெல்லாம் பிறகு. இரண்டு கால் உள்ள நடு ஸ்டாண்டு போட்டுக்கொண்டால் வேலை சுலபமாகும், ஆனால் அதையும் நம்பி விலகிப் போகக் கூடாது.

முதல் நாள் எப்படிப் பழகுறது?

குழந்தை எடைக்குச் சமமான மூட்டையைச் சீட்டில் கட்டி ஓட்டிப் பாருங்கள். ஏறுவது, இறங்குவது, சட்டென்று பிரேக் பிடிப்பது, மெதுவாக வளைவது. நின்று கிளம்பும் முதல் இரண்டு மிதியில்தான் தடுமாற்றம் அதிகம், அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பாரம் கூடினால் நிற்க எடுக்கும் தூரமும் கூடும். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்க வேண்டும், டயரில் காற்றும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், டயரில் போட்டிருக்கும் வரம்புக்குள்.

ட்ரெய்லர்னு பின்னால இழுக்குற வண்டி பாதுகாப்பா? கார்க்காரங்க கண்ணுக்குத் தெரியுமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சீட்டைவிட ட்ரெய்லரையே விரும்பிப் பரிந்துரைக்கிறது. காரணம் உயரம். குழந்தை தரைக்குப் பக்கத்தில், கூண்டுக்குள், பெல்ட்டோடு இருக்கிறது. இணைப்பு எல்லாப் பக்கமும் வளைந்து கொடுப்பதால் சைக்கிள் சாய்ந்து விழுந்தாலும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். தூங்கலாம், மழை படாது, இரண்டு குழந்தை உட்காரலாம்.

ஆனால் தாழ்வும் அகலமும்தான் அதன் பலவீனமும். நெருக்கமான போக்குவரத்தில் அது கண்ணுக்குத் தப்பும், வண்டிப் புகையும் அந்த உயரத்தில்தான் வரும். உயரமான கொடி கட்டாயம் வேண்டும், பின்னால் விளக்கும் வேண்டும். அமைதியான தெரு, தனிச் சைக்கிள் பாதை என்றால் தயங்காமல் ட்ரெய்லர் எடுங்கள். லாரியும் பேருந்தும் உரசிப் போகும் சாலை என்றால் நான் எடுக்க மாட்டேன்.

திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் உங்கள் தடத்தைவிட உள்ளே வெட்டி வரும். நடைமேடை விளிம்பில் அது ஏறினால், வேகத்தில் வண்டி கவிழும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அகலமாகத் திரும்புங்கள். வேகத்துக்கு மணிக்கு 25 கி.மீ. என்று பல தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள். மின்சார சைக்கிளில் இழுப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள். கிளம்பும் முன் இணைப்புப் பூட்டையும் அதற்குத் துணையாக இருக்கும் பாதுகாப்புப் பட்டையையும் கையால் இழுத்துப் பாருங்கள். ட்ரெய்லர் என்பதால் முதல் கேள்வியில் சொன்ன வயது தளராது, உள்ளேயும் குலுங்கத்தான் செய்யும்.

ட்ரெய்லருக்குள்ளயும் ஹெல்மெட் வேணுமா?

வேண்டும். ஒரே சிக்கல், ஹெல்மெட்டின் பின்பகுதி சாய்மானத்தில் இடித்துத் தலையை முன்னால் தள்ளும். குழந்தை குனிந்தபடியே உட்கார்ந்திருக்கும், கழுத்து வலிக்கும். பின்பக்கம் தட்டையான ஹெல்மெட்டாகத் தேடுங்கள். பல சீட்டுகளிலும் ட்ரெய்லர்களிலும் தலைக்கு நேரே இதற்கென்றே பள்ளம் இருக்கும். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள்.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, மட்டமாக உட்கார வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் விளையாட அனுப்ப வேண்டும். ஏறி விளையாடும் கம்பிகளுக்கு நடுவில் ஹெல்மெட் சிக்கினால் தாடைப் பட்டை கழுத்தை நெரிக்கும்.

வழியிலேயே தூங்கிடுறான். தலை ஒரு பக்கமா தொங்குது. என்ன பண்றது?

நிறுத்துங்கள். சாய்த்துக்கொள்ளும் வசதி உள்ள பின் சீட்டானால் சாய்த்துவிட்டு, தோள் பெல்ட் இடம் மாறவில்லை என்று பார்த்து, மிச்ச தூரத்தை மெதுவாக ஓட்டலாம். முன் சீட்டில் தலை சாய இடமே இல்லை, அங்கே தூங்கினால் இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளுவதுதான் வழி. தினமும் தூங்கும் நேரத்தில்தான் போகவேண்டியிருக்கிறது என்றால் ட்ரெய்லரோ, குழந்தை உட்கார முன்னால் பெட்டி வைத்த சைக்கிளோ உங்களுக்கு ஏற்றது.

கைக்குழந்தையை மாரோட துணியில கட்டிக்கிட்டு ஓட்டலாமா? என் உடம்போட இருக்கே, பத்திரம்தானே?

கூடவே கூடாது. நீங்கள் விழுந்தால் உங்கள் முழு எடையும் குழந்தை மேல். முதுகில் கட்டினால் உங்கள் தோள் உயரத்திலிருந்து குழந்தை தரையில் மோதும். எவ்வளவு திறமையாக ஓட்டுபவராக இருந்தாலும், எண்ணெய் சிந்திய தரைக்கு அது தெரியாது. ஒரு வயது வரை நடந்து போங்கள்.

வெயில், குளிர், மழை?

நீங்கள் மிதிக்கிறீர்கள், உடம்பு சூடாகும். குழந்தை அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு இதமாக இருக்கும்போதே அதற்குக் குளிரும். ஒரு சட்டை கூடுதலாகப் போட்டு, பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வெயிலில் நிலைமை தலைகீழ்: ட்ரெய்லரின் பிளாஸ்டிக் மூடியை முழுக்க மூடினால் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். வலை மட்டும் போட்டுக் காற்று வரட்டும். சால்வை, நீளத் துணி, ஷூ லேஸ் எதுவும் சக்கரத்துப் பக்கம் தொங்கக் கூடாது.

ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு போகலாமா?

போகலாம், மொத்த எடை வரம்பு இடம் கொடுத்தால். பெரியதைப் பின்னால் முதலில் ஏற்றுங்கள், சின்னது கடைசி. முன்னால் இருப்பது உங்கள் கைக்குள் இருக்கிறது, பின்னால் இருப்பதைத் திரும்பிப் பார்த்துப் பூட்ட இரண்டு கையும் வேண்டும். ஆனால் இருவரையும் வைத்துக்கொண்டு நிற்கும் சைக்கிளைச் சமாளிப்பது நிஜமாகவே கடினம். மூட்டைச் சோதனையை இரண்டு மூட்டையோடு செய்து பாருங்கள். கை நடுங்கினால் ட்ரெய்லர்தான்.

பெட்டி வச்ச சைக்கிள், நீள வால் சைக்கிள்னு இருக்கே, அவ்வளவு காசு போடலாமா?

இரண்டாவது சைக்கிளாக வாங்கினால் செலவுதான். காருக்கோ ஸ்கூட்டருக்கோ பதிலாகத் தினமும் ஓட்டினால் அது வேறு கணக்கு. பெட்டி முன்னால் இருக்கும் வகையில் குழந்தைகள் தாழ்வாக, கண்ணெதிரே உட்காருவார்கள். டென்மார்க்கில் 1984-இல் பிறந்த கிறிஸ்டியானியா போன்ற மூன்று சக்கர வகை நின்ற இடத்தில் சாயவே சாயாது. ஏற்றி இறக்கும் கவலை தீர்ந்தது. ஆனால் அது வளைவில் சைக்கிள் மாதிரிச் சாய்ந்து கொடுக்காது, வேகமாகத் திருப்பினால் ஒரு சக்கரம் தூக்கும். இரண்டு சக்கரப் பெட்டி சைக்கிள் ஓடும்போது சாதாரணச் சைக்கிள் போலவே இருக்கும், நீளம் பழக ஓரிரு நாள் ஆகும்.

நீள வால் வகையில் பின் கேரியரே நீளமாக, கைப்பிடிக் கம்பியும் கால்மிதியும் வைத்து வரும். பின் சீட்டுக்கான 22 கிலோவைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எதை வாங்கினாலும் முதலில் பாருங்கள்: தரைத்தளத்தில் நிறுத்த இடம் இருக்கிறதா? மாடிப்படியில் இவற்றைத் தூக்க முடியாது.

அஞ்சு வயசு. தானே ஓட்டுவா, ஆனா பாதி வழியில கால் வலிக்குதுன்னு நின்னுடுறா.

இவளுக்கு அரைச் சைக்கிள் சரியாக இருக்கும். முன் சக்கரம் இல்லாமல், உங்கள் சைக்கிளின் பின்னால் இணையும். அவளுக்கென்று சீட், ஹேண்டில், பெடல் உண்டு, மிதித்தால் உங்களுக்கும் உதவி, ஓய்ந்தாலும் வண்டி ஓடும். அவள் பக்கவாட்டில் ஆடினால் உங்களையும் அசைக்கும். “ஆடாமல் உட்கார்” என்றால் கேட்கும் வயது வந்த பிறகுதான் இது. பெல்ட் கிடையாது, தூங்கும் பிள்ளைக்கு ஆகாது. இன்னொரு வகைக் கம்பி, அவளுடைய சொந்தச் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கி உங்கள் பின் அச்சோடு பூட்டும். வேண்டும்போது கழற்றி அவளைத் தனியாக ஓட்டவிடலாம்.

பழைய சீட், பழைய பெட்டி சைக்கிள் வாங்கலாமா?

சீட் வாங்கலாம், வெயிலில் கிடந்து வெளுத்திருக்காவிட்டால். பிளாஸ்டிக்கை விரலால் அழுத்தினால் வெள்ளைக் கோடு விழுகிறதா, பெல்ட் பூட்டு ‘டக்’கென்று பிடிக்கிறதா, எல்லா போல்ட்டும் கவ்வியும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போல்ட் குறைந்தாலும் தயாரிப்பாளரின் போல்ட்தான் போட வேண்டும், கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது.

பெட்டி சைக்கிள் என்றால் வெல்டிங் வைத்த இடங்களை ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் விலகிவிடுங்கள். 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உணவு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஃபிரேம் உடைந்ததாகப் புகார்கள் வந்ததால், பாபோ நிறுவனத்தின் பெட்டி சைக்கிள் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதனால் எந்த நிறுவனமாக இருந்தாலும், ஃபிரேம் எண்ணை வாங்கி, திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும், சீட்டில் வரும் குழந்தைக்கு ஏழு வயது நிறைந்திருக்கக் கூடாது, கால் ஸ்போக்ஸில் போகாமல் தடுப்பும் இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக்குக் கீழ் ஏற்றவே முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வயது, ஹெல்மெட், ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி விதி இருக்கலாம், வாங்கும் முன்பே மூன்றையும் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் சீட்டை அனுமதித்து ட்ரெய்லரைச் சில சாலைகளில் தடுத்திருப்பார்கள்.